டென்மார்க்கின் ஆற்றல் மாற்றம்

டென்மார்க்கின் ஆற்றல் மாற்றம் என்பது, 1973ஆம் ஆண்டில் ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த டென்மார்க் நாடு, காற்று, சூரிய ஒளி, உயிர்த்திரள் முதலிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களுக்கும் சிக்கனமான வெப்பப் பயன்பாட்டிற்கும் படிப்படியாக மாறி வருவதைக் குறிக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வரும் இம்மாற்றம் இன்னும் நிறைவடையவில்லை. இன்று அந்நாட்டில் நுகரப்படும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெறப்படுகிறது. பைங்குடில் வளிமங்களின் வெளியீட்டை 2030ஆம் ஆண்டிற்குள் 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 70% குறைக்க வேண்டும் என்று 2020இல் இயற்றப்பட்ட காலநிலைச் சட்டம் விதிக்கிறது.

இம்மாற்றம் பெரும்பாலும் காற்றாலைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அது பாதி மட்டுமே உண்மை. நிலத்தடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வெந்நீர்க் குழாய்கள், எண்ணெய் விலை வீழ்ந்தபோதும் குறைக்கப்படாத வரிகள், காற்றாலை யாருக்குச் சொந்தம் என்பதை வரையறுத்த விதிகள் ஆகியவற்றுக்கும் இதில் சமமான பங்கு உண்டு. மேலும், எண்ணெயிலிருந்து விலகிய டென்மார்க் முதலில் சென்றடைந்தது காற்றை அன்று, நிலக்கரியை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்னணி

கிறீன்லாந்து, பரோயே தீவுகள் நீங்கலாக டென்மார்க்கின் பரப்பளவு ஏறத்தாழ 43,000 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்காகும். மக்கள்தொகை ஏறத்தாழ 60 இலட்சம். நாட்டின் மிக உயரமான இயற்கை நிலப்பகுதியே கடல் மட்டத்திலிருந்து 171 மீட்டர் உயரந்தான். எனவே அண்டை நாடான நார்வேயைப் போல அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் வாய்ப்பு டென்மார்க்கிற்கு இல்லை. குறிப்பிடத்தக்க நிலக்கரி வளமும் இல்லை. இரு கடல்களுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கும் நிலமும், அதன்மீது தடையின்றி வீசும் காற்றும் மட்டுமே உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. வீடுகள் தோறும் எண்ணெயில் எரியும் கொதிகலன்கள் பொருத்தப்பட்டன. மின்நிலையங்களும் எண்ணெய்க்கு மாறின. 1970களின் தொடக்கத்தில் நாட்டின் ஆற்றல் தேவையில் 90%க்கும் மேற்பட்ட பங்கை இறக்குமதி எண்ணெயே நிறைவு செய்தது. 1973 அக்டோபரில் அரபு-இசுரேல் போர் மூண்டு, எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, ஐரோப்பாவில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நாடுகளுள் டென்மார்க்கும் ஒன்றானது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலிருந்து அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் மகிழுந்துகள் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டும் படங்கள் இன்றும் டென்மார்க்கின் பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் அக்காலத்தின் அடையாளமாகக் காட்டப்படுகின்றன.

முன்னோடிகள்

நெருக்கடி வந்தபோது டென்மார்க்கிடம் எண்ணெய் இல்லாவிடினும், காற்று மின்சாரம் பற்றிய எண்பது ஆண்டு அறிவு இருந்தது. இயற்பியலாளரும் ஆசிரியருமான பவுல் லா கூர் (1846-1908), ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் இருந்த மக்கள் உயர்பள்ளியில் 1891ஆம் ஆண்டு மின்சாரம் உற்பத்தி செய்யும் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றே அவர் முன் இருந்தது. காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசன் வளிமத்தைப் பெற்று, அதைச் சேமித்து, பள்ளியின் விளக்குகளை எரித்தார். இன்று 'பசுமை ஐதரசன்' என்று பேசப்படுவது இதே முறைதான். எளிய காற்றுச் சுரங்கங்களை அமைத்துச் சோதித்த அவர், மின்னாக்கத்திற்கு மெதுவாகச் சுழலும் பல இறக்கைகளைவிட வேகமாகச் சுழலும் சில இறக்கைகளே ஏற்றவை எனக் கண்டறிந்தார். நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் 'காற்று மின்பணியாளர்'களுக்கு அவர் பயிற்சியும் அளித்தார்.

அவ்வாறு அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் யோகன்னஸ் யூல் (1887-1969). மின்வழங்கல் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய யூல், நாட்டின் தென்கோடியில் உள்ள கெட்சர் என்னும் இடத்தில் 1957ஆம் ஆண்டு 200 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை அமைத்தார். மூன்று இறக்கைகளும் 24 மீட்டர் சுழல்விட்டமும் கொண்ட இதன் வடிவமைப்பு பின்னாளில் 'டேனியக் கருத்துரு' என்று பெயர் பெற்றது. அதன் செயற்பாடு எளிமையானது. காற்றாலையில் தூண்டல் மின்னாக்கி நேரடியாக மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டிருந்தது. மின்தொகுப்பின் அலைவெண் மாறாதிருப்பதால் இறக்கைகளின் சுழல் வேகமும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும். இறக்கைகள் குடத்துடன் நிலையான கோணத்தில் பொருத்தப்பட்டிருந்தன. காற்று அளவுக்கு மீறி வீசும்போது, இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் காற்றோட்டம் பிரிந்துவிடும். தூக்குவிசை தானே குறையும். ஆகவே திறனைக் கட்டுப்படுத்தத் தனிக் கருவி தேவைப்படவில்லை. மின்தொகுப்புடனான இணைப்பு அறுந்து, இறக்கைகள் கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கினால், அவற்றின் நுனிகள் தாமே திரும்பித் தடையாகச் செயற்படும்.

இக்காற்றாலை 1967 வரை பெரிய பழுதின்றி இயங்கியது. ஆயினும் எண்ணெய் மலிவாக இருந்த அக்காலத்தில் அதன் மின்சாரம் கட்டுப்படியாகாது எனக் கருதப்பட்டு நிறுத்தப்பட்டது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் ஆர்வத்தால் பழுதுபார்க்கப்பட்டு, 1977 முதல் 1979 வரை அளவீடுகளுக்காக மீண்டும் இயக்கப்பட்டது.

எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கு

1976ஆம் ஆண்டில் டென்மார்க் ஆற்றல் முகமை நிறுவப்பட்டது. நாட்டின் முதல் முழுமையான ஆற்றல் திட்டமும் அதே ஆண்டு வெளியானது. அதன் முதன்மை நோக்கம் தூய்மை அன்று, வழங்கல் பாதுகாப்பே. காலநிலை மாற்றம் அப்போது அரசியல் பொருளாகவே இல்லை. எண்ணெயில் இயங்கிய மின்நிலையங்கள் விரைவாக நிலக்கரிக்கு மாற்றப்பட்டன. 1980களின் நடுப்பகுதியில் நாட்டின் மின்சாரத்தில் 90%க்கும் மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. எண்ணெய்ச் சார்பு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு அலகு மின்சாரத்திற்கும் வெளியேறும் கரியமில வாயுவின் அளவு கூடியது. பின்வந்த நாற்பது ஆண்டு முயற்சியின் பெரும்பகுதி, இந்த நிலக்கரியை மீண்டும் வெளியேற்றுவதிலேயே கழிந்தது எனலாம்.

அணுமின் விவாதம்

1976ஆம் ஆண்டுத் திட்டத்தில் அணுமின் நிலையங்களும் இடம்பெற்றிருந்தன. இதை எதிர்த்து 1974இலேயே தொடங்கப்பட்ட 'அணுமின் தகவல் அமைப்பு' நாடெங்கும் பரப்புரை செய்தது. மஞ்சள் பின்னணியில் சிரிக்கும் செஞ்சூரியனும் 'அணுமின்சாரமா? வேண்டாம், நன்றி' என்ற வாசகமும் கொண்ட சின்னத்தை 1975இல் ஆன் லுண்ட் என்னும் இளம்பெண் வரைந்தார். பின்னர் அது பல மொழிகளில் உலகெங்கும் பரவியது. கோபன்ஹேகனிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், நீரிணைக்கு அப்பால், சுவீடன் நாட்டின் பார்செபெக் அணுமின் நிலையம் இயங்கி வந்தது எதிர்ப்பிற்கு மேலும் வலுவூட்டியது. 1985 மார்ச்சு மாதம் டென்மார்க் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தை ஆற்றல் திட்டமிடலிலிருந்து நீக்கியது. செர்னோபில் விபத்து நடந்தது அதற்கு ஓராண்டு கழித்தே. பார்செபெக்கின் இரு உலைகளும் முறையே 1999இலும் 2005இலும் மூடப்பட்டன.

மக்களின் காற்றாலைகள்

எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவும் ஜெர்மனியும் காற்றாலை ஆய்வைப் பெரிய வானூர்தி, பொறியியல் நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. ஜெர்மனியின் 'குரோவியான்' காற்றாலை 100 மீட்டர் சுழல்விட்டமும் 3 மெகாவாட் திறனும் கொண்டதாக 1983இல் எழுப்பப்பட்டது. சில நூறு மணி நேரமே இயங்கிய அது, பொருட்களின் களைப்பு முறிவுச் சிக்கல்களால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. டென்மார்க்கில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. கிறிஸ்டியன் ரீசாகர் என்னும் தச்சர், கெட்சர் காற்றாலையின் வடிவத்தைப் பின்பற்றி 1970களின் நடுவில் 22 கிலோவாட் திறனுள்ள சிறிய காற்றாலையைத் தம் வீட்டருகே அமைத்து மின்தொகுப்புடன் இணைத்தார். உழவுக் கருவிகள் செய்யும் சிறு பட்டறைகள் இதில் ஆர்வம் கொண்டன. மேற்கு யூட்லாந்தில் உள்ள த்விண்ட் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975 முதல் 1978 வரை உழைத்து, 54 மீட்டர் சுழல்விட்டம் கொண்ட, அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரியனவற்றுள் ஒன்றான காற்றாலையைக் கட்டி முடித்தனர். கண்ணாடியிழை இறக்கைகளைச் செய்வது குறித்து அங்கே கிடைத்த பட்டறிவு சிறு உற்பத்தியாளர்களுக்கும் சென்று சேர்ந்தது. அப்பள்ளிகளை நடத்திய அமைப்பு பிற்காலத்தில் நிதி தொடர்பான வழக்குகளில் சிக்கியது வேறு செய்தி. காற்றாலை அதையும் கடந்து நின்றது.

1978இல் ரீசோ ஆய்வுக்கூடத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் தொடங்கப்பட்டது. 1979 முதல் காற்றாலை வாங்குவோருக்கு முதலீட்டில் 30% மானியம் வழங்கப்பட்டது. ஆனால் ரீசோவின் ஒப்புதல் பெற்ற காற்றாலைகளுக்கு மட்டுமே மானியம் கிடைக்கும். இந்த ஒரு நிபந்தனை, தரமற்றவற்றை அரசின் தடையாணை ஏதுமின்றியே சந்தையிலிருந்து விலக்கியது. தொழில் நிலைபெற்றதும் மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நிறுத்தப்பட்டது. வெஸ்டாஸ், போனஸ், நார்டாங்க் முதலிய நிறுவனங்கள் இக்காலத்தில் வளர்ந்தவை. 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வரிச்சலுகை அளித்தபோது, அங்கு நிறுவப்பட்ட காற்றாலைகளில் ஏறத்தாழ பாதி டென்மார்க்கிலிருந்து சென்றவை. சலுகை முடிந்ததும் சந்தை சரிந்தது. 1986இல் வெஸ்டாஸ் நொடித்துப்போய், அடுத்த ஆண்டு காற்றாலை மட்டும் செய்யும் நிறுவனமாக மீண்டும் எழுந்தது.

உள்நாட்டில் காற்றாலைகளின் உரிமையாளர்கள் பெரும்பாலும் உழவர்களும் கூட்டுறவுக் குழுக்களுமே. ஓர் ஊரைச் சேர்ந்த சில பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு காற்றாலையை வாங்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் மின்தேவையை ஒட்டிய அளவில் பங்குகள் பெறும். பங்குதாரர் அப்பகுதியிலேயே வசிக்க வேண்டும் என்பது விதி. உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வழங்கல் நிறுவனங்கள் வாங்கியாக வேண்டும். 1990களில் இதற்கு நுகர்வோர் விலையில் 85% என்ற அளவு வகுக்கப்பட்டிருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைகளில் பங்கு வைத்திருந்தன. வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் காற்றாலை தமக்கும் வருமானம் தருவதாக இருந்தால், அதன் ஓசையையும் நிழலையும் மக்கள் பொறுத்துக்கொண்டனர்.

இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது கோபன்ஹேகன் துறைமுகத்திற்கு வெளியே 2000ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மிடெல்குருண்டென் கடற்காற்றாலைப் பண்ணையாகும். இங்கு 2 மெகாவாட் திறன் கொண்ட 20 காற்றாலைகள் வில் போல் வளைந்த ஒரே வரிசையில் நிற்கின்றன. பண்ணையின் பாதி, கூட்டுறவு அமைப்பிற்கு உரியது. 40,500 பங்குகளை 8,500க்கும் மேற்பட்டோர் வாங்கினர். ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 1,000 அலகு மின்சார உற்பத்திக்குச் சமம் எனக் கணக்கிடப்பட்டது.

வெந்நீர்க் குழாய்கள்

குளிர்நாடான டென்மார்க்கில் ஆற்றலின் பெரும்பங்கு வீடுகளைச் சூடாக்கவே செலவாகிறது. தமிழ்நாடு அல்லது இலங்கை வாசகர்களுக்கு இது எளிதில் தோன்றாத செய்தி. பொதுச் சூடேற்றம் எனப்படும் முறையில், ஊருக்கு ஒரு நிலையத்தில் நீர் சூடாக்கப்பட்டு, வெப்பக் காப்பிட்ட நிலத்தடிக் குழாய்கள் வழியாக வீடுகளுக்கு அனுப்பப்படும். வெப்பத்தை இழந்த நீர் மற்றொரு குழாய் வழியே நிலையத்திற்குத் திரும்பும். அனல்மின் நிலையம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 40% மட்டுமே மின்சாரமாக மாற்ற வல்லது. எஞ்சிய வெப்பம் வழக்கமாகக் கடலிலோ குளிர்விப்புக் கோபுரத்திலோ வீணாகும். அவ்வெப்பத்தை ஊரின் குழாய்களுக்குத் திருப்பினால் எரிபொருளின் பயன்பாடு 85-90% வரை உயரும். இது வெப்ப-மின் இணையுற்பத்தி எனப்படுகிறது.

1979ஆம் ஆண்டின் வெப்ப வழங்கல் சட்டம், எந்தப் பகுதிக்குக் குழாய் வெந்நீர், எந்தப் பகுதிக்கு இயற்கை எரிவளி என்று திட்டமிடும் பொறுப்பை நகராட்சிகளுக்கு அளித்தது. வீடுகளை அதில் இணையும்படி கட்டாயப்படுத்தவும் அவற்றால் இயன்றது. 1988 முதல் புதிய கட்டடங்களில் மின்சாரச் சூடேற்றிகள் பொருத்தத் தடை விதிக்கப்பட்டது. குழாய் நிறுவனங்கள் நகராட்சிக்கோ நுகர்வோர் கூட்டுறவுக்கோ உரியவை. சட்டப்படி அவை இலாபம் ஈட்டக்கூடாது. இன்று மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் இக்குழாய்களுடன் இணைந்துள்ளன. காற்றாலையைப் போல இவை ஒளிப்படங்களில் அழகாகத் தெரிவதில்லை. ஆனால் எரிபொருளை மாற்ற வேண்டுமானால் இலட்சக்கணக்கான வீடுகளைத் தொட வேண்டியதில்லை, ஊருக்கு ஒரு கொதிகலனை மாற்றினால் போதும் என்ற பெரும் வசதியை அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றவை இவையே.

வட கடல் எண்ணெயும் வரிகளும்

வட கடலின் டென்மார்க் பகுதியில் 1972ஆம் ஆண்டு எண்ணெய் எடுப்பு தொடங்கியது. உற்பத்தி வளர்ந்து, 1997இல் டென்மார்க் ஆற்றலில் தன்னிறைவு அடைந்தது. அதன்பின் பல ஆண்டுகள் எண்ணெய், எரிவளி ஏற்றுமதி நாடாகவும் விளங்கியது. உள்நாட்டில் காற்றாலைகளை எழுப்பிக்கொண்டே வெளிநாட்டிற்கு எண்ணெய் விற்ற இம்முரண்பாடு நெடுங்காலம் அதிகம் பேசப்படவில்லை.

இதனினும் முக்கியமானது வரிக்கொள்கை. 1985-86இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது, பல நாடுகள் சேமிப்பு முயற்சிகளைக் கைவிட்டன. டென்மார்க் ஆற்றல் வரிகளை உயர்த்தி, நுகர்வோர் செலுத்தும் விலை குறையாமல் பார்த்துக்கொண்டது. கரியமில வாயுவைக் குறைக்கும் இலக்கு 1990இல் வெளியான 'ஆற்றல் 2000' திட்டத்தில் இடம்பெற்றது. 1992இல் கரியமில வாயு மீதே வரி விதிக்கப்பட்டது. இதன் மறுபக்கம், டென்மார்க் வீட்டு நுகர்வோர் செலுத்தும் மின்கட்டணம் பல ஆண்டுகளாக ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

கடலில் காற்றாலைகள்

உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை லோலாண்ட் தீவை அடுத்த விண்டெபியில் 1991இல் அமைக்கப்பட்டது. 450 கிலோவாட் திறனுள்ள 11 காற்றாலைகளைக் கொண்ட அது, 2017இல் பிரித்தெடுக்கப்பட்டது. 2002இல் வட கடலில் 160 மெகாவாட் திறனுள்ள ஹோர்ன்ஸ் ரெவ் பண்ணையும், 2021இல் பால்டிக் கடலில் 604 மெகாவாட் திறனுள்ள கிரீகர்ஸ் ஃப்ளாக் பண்ணையும் இயங்கத் தொடங்கின. நிலக்கரி மின்நிலையங்களை நடத்தி வந்த டொங் நிறுவனம் தன் எண்ணெய், எரிவளி வணிகத்தை 2017இல் விற்றுவிட்டு, மின்காந்தவியலின் அடிப்படையை 1820இல் கண்டறிந்த டேனிய இயற்பியலாளரின் பெயரால் ஓர்ஸ்டெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. கடற்காற்றாலைகளுக்குத் தேவைப்படும் முதலீடு ஊர்க் கூட்டுறவுகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. எனவே உரிமை பெருநிறுவனங்களிடம் சென்றது.

சாம்சோ தீவு

1997இல் அரசு நடத்திய போட்டியில் 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவாக' சாம்சோ தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 மக்கள் வாழும் இத்தீவில் 1 மெகாவாட் திறனுள்ள 11 காற்றாலைகள் நிலத்திலும், 2.3 மெகாவாட் திறனுள்ள 10 காற்றாலைகள் கடலிலும் நிறுவப்பட்டன. வைக்கோலை எரித்து வெந்நீர் வழங்கும் நிலையங்களும் கட்டப்பட்டன. பத்தாண்டுகளுக்குள், தான் நுகரும் ஆற்றலுக்கு ஈடான புதுப்பிக்கத்தக்க ஆற்றலைத் தீவு உற்பத்தி செய்தது. மகிழுந்துகளும் கப்பலும் தொடர்ந்து எண்ணெயையே எரித்தன. கடற்காற்றாலைகள் மிகையாக உற்பத்தி செய்த மின்சாரம் அதற்கு ஈடாகக் கணக்கில் கொள்ளப்பட்டது. ஆகவே தீவு எண்ணெயே இன்றி வாழ்கிறது என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று.

மின்தொகுப்பைச் சமன்செய்தல்

மின்தொகுப்பில் எந்த நொடியிலும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்க வேண்டும். காற்று இதற்குக் கட்டுப்படாது. 2015 சூலை மாதத்தில் ஓர் இரவு, டென்மார்க்கின் காற்றாலைகள் நாட்டின் தேவையைப் போல் 140% மின்சாரம் உற்பத்தி செய்தன. வேறு சில நாட்களில் அவை ஏறத்தாழ நின்றே விடுகின்றன. இதைச் சமாளிக்க உதவுவன அண்டை நாடுகளுடனான இணைப்புகள். டென்மார்க்கின் மேற்குப் பகுதி ஐரோப்பியப் பெருநிலத்தின் மின்தொகுப்புடனும், கிழக்குப் பகுதி நார்டிக் மின்தொகுப்புடனும் ஒத்தியங்குகின்றன. ஒரே நாட்டின் இவ்விரு பகுதிகளும் 2010இல்தான் நேர்மின் வடத்தால் இணைக்கப்பட்டன. காற்று மிகும்போது மின்சாரம் நார்வேக்குச் செல்கிறது. அந்நாடு தன் அணைகளைத் திறக்காமல் நீரைச் சேமித்துக்கொள்கிறது. காற்று குறையும்போது அந்நீரின் மின்சாரம் திரும்பி வருகிறது. இவ்வகையில் நார்வேயின் மலைகளே டென்மார்க்கின் மின்கலமாகப் பணியாற்றுகின்றன. நெதர்லாந்துடன் 2019இலும், 765 கிலோமீட்டர் நீளமுள்ள வடத்தால் பிரித்தானியாவுடன் 2023இலும் இணைப்பு ஏற்படுத்தப்பட்டது.

இத்தகைய அண்டை நாடுகள் வாய்க்காத ஒரு நாடு டென்மார்க்கின் எண்களை மட்டும் பார்த்து இலக்கு வகுப்பது பொருந்தாது. மற்றொரு வழி உள்நாட்டிலேயே உள்ளது. காற்று மிகுந்த வேளைகளில் மின்கொதிகலன்களையும் வெப்ப எக்கிகளையும் இயக்கி, பெருந்தொட்டிகளில் வெந்நீராகச் சேமித்து வைக்கலாம். 1979இல் எண்ணெயைச் சேமிக்கப் போடப்பட்ட குழாய்கள் இன்று காற்றைச் சேமிக்கப் பயன்படுகின்றன. எஸ்பியர்க் நகரில் நிலக்கரி நிலையம் 2024இல் மூடப்பட்டது. கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் மாபெரும் வெப்ப எக்கி அதே ஆண்டு அங்கு இயங்கத் தொடங்கி, ஏறத்தாழ 25,000 வீடுகளுக்கு வெப்பம் வழங்குகிறது. அதில் குளிர்பதனப் பொருளாகப் பயன்படுவது கரியமில வாயுவே.

தடைகளும் விமர்சனங்களும்

பெரும்பாலான கட்சிகளின் ஒப்புதலுடன் பல்லாண்டு ஆற்றல் உடன்பாடுகள் செய்துகொள்வது டென்மார்க்கின் வழக்கம். எனினும் அது எப்போதும் காக்கவில்லை. 2001இல் ஆட்சிக்கு வந்த ஆனர்ஸ் ஃபோக் ராஸ்முசென் அரசு, திட்டமிடப்பட்டிருந்த ஐந்து கடற்காற்றாலைப் பண்ணைகளில் மூன்றைக் கைவிட்டது. ஆதரவுத் தொகைகளையும் குறைத்தது. அதன்பின் சில ஆண்டுகள் நிலத்தில் புதிய காற்றாலைகள் மிகச் சிலவே எழுந்தன. அதே பிரதமர் 2008இல் புதைபடிவ எரிபொருட்களிலிருந்து நாடு முழுமையாக விடுபட வேண்டும் என அறிவித்தார்.

காற்றாலைகள் பெரிதாகி, உரிமை ஊராரிடமிருந்து முதலீட்டாளர்களிடம் சென்றபின் எதிர்ப்பும் வளர்ந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டம், புதிய காற்றாலையின் 20% பங்கை 4.5 கிலோமீட்டருக்குள் வாழ்வோருக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும் என விதித்தது. 2020இல் இவ்விதி நீக்கப்பட்டு, அருகில் வாழ்வோருக்குப் பணம் வழங்கும் ஏற்பாடுகள் வந்தன. பங்குதாரராக இருப்பதும் இழப்பீடு பெறுவதும் ஒன்றல்ல என்பது கூட்டுறவு இயக்கத்தினரின் வாதம்.

மிகக் கடுமையான விமர்சனம் உயிர்த்திரள் பற்றியது. டென்மார்க்கின் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் பாதிக்கு மேல் விறகு, வைக்கோல், கழிவு முதலியவற்றை எரிப்பதாலும் சாண எரிவளியாலும் கிடைப்பது. பல பெரிய மின்நிலையங்கள் நிலக்கரியைக் கைவிட்டு, மரத்தூளை இறுக்கிச் செய்த வில்லைகளை எரிக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. பன்னாட்டுக் கணக்கு விதிகளின்படி மரம் எரியும்போது வெளியேறும் கரியமில வாயு ஆற்றல் துறையின் கணக்கில் சேர்வதில்லை. மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலப்பயன்பாட்டுக் கணக்கில் சேர்கிறது. வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், இது வருங்காலத் தலைமுறையிடம் வாங்கும் கடன் என்று அறிவியலாளர் பலர் சுட்டிக்காட்டுகின்றனர்.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

1980களின் இறுதியில் டென்மார்க்கின் வெளிநாட்டு உதவி அமைப்பான டானிடாவின் துணையுடன் இந்தியாவில் செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகள் நிறுவப்பட்டன. அவை குசராத்தின் லம்பாவிலும் தமிழ்நாட்டின் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளிலும் அமைந்தன. பின்னர் வெஸ்டாஸ், மைக்கான் ஆகிய டேனிய நிறுவனங்களின் தொழில்நுட்பத்துடன் சென்னையில் காற்றாலை உற்பத்தி தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பயணிப்போர் காணும் பழைய, மூன்று இறக்கைக் காற்றாலைகளில் பல, யூலின் கெட்சர் வடிவத்தின் நேரடி வழித்தோன்றல்களே. ஆனால் உரிமை முறை இங்கு வேறாக அமைந்தது. வரிச்சலுகைக்காகவும் சொந்தப் பயன்பாட்டிற்காகவும் பஞ்சாலைகளும் சிமெண்டு ஆலைகளும் காற்றாலைகளை வாங்கின; ஊர்க் கூட்டுறவுகள் உருவாகவில்லை.

அண்மைய நிலை

2020 டிசம்பரில் டென்மார்க் நாடாளுமன்றம் வட கடலில் புதிய எண்ணெய், எரிவளி உரிமங்கள் வழங்குவதை நிறுத்தவும், 2050ஆம் ஆண்டிற்குள் எடுப்பை முற்றிலும் முடிக்கவும் உடன்பட்டது. 2022இல் உருசியா எரிவளி வழங்கலை நிறுத்தியபோது, கால்நடைச் சாணத்திலிருந்து பெறப்பட்டு எரிவளிக் குழாய்களில் செலுத்தப்படும் சாண எரிவளி கணிசமாகக் கைகொடுத்தது. நாட்டின் பைங்குடில் வளிம வெளியீடு 1990ஆம் ஆண்டின் அளவில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளது. காலநிலை நடுநிலையை 2050இலிருந்து 2045க்கு முன்கொணர்வதாக 2022 இறுதியில் அமைந்த கூட்டணி அரசு அறிவித்தது. எஞ்சியுள்ள நிலக்கரி நிலையமான ஆல்போர்க் நகர நிலையத்தை 2028இல் மூடத் திட்டமிடப்பட்டுள்ளது.

ஆயினும் 2024 டிசம்பரில் வட கடலில் 3,000 மெகாவாட் கடற்காற்றாலைகளுக்கான ஏலத்தில் ஒரு நிறுவனம்கூடப் பங்கேற்கவில்லை. உயர்ந்த வட்டி, ஏறிய பொருள்விலை, அரசு மானியமின்மை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. அதன்பின் அரசு மானியத்துடன் ஏலத்தை மீண்டும் நடத்த முடிவு செய்தது. 2025இல் நாற்பதாண்டுக்கால முடிவை மாற்றாமலே, புதிய வகைச் சிறு அணுவுலைகளைப் பற்றி ஆராயவும் அது முன்வந்தது. மின்சாரத்தில் பெரும்பங்கு தூய்மையான பின் எஞ்சியிருப்பன போக்குவரத்தும் வேளாண்மையும் ஆகும். பன்றி, மாடு வளர்ப்பு மிகுந்த டென்மார்க், கால்நடைகள் வெளியிடும் வளிமங்களுக்கு 2030 முதல் டன்னுக்கு 300 குரோனர் வரி விதிக்கவும், அதை 2035இல் 750 குரோனராக உயர்த்தவும் 2024இல் உடன்பாடு கண்டது. வரியில் 60% கழிவும் உண்டு. உழவர் அமைப்புகள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள், தொழிற்சங்கங்கள், அரசு ஆகியவை ஒரே மேசையில் அமர்ந்து எட்டிய இவ்வுடன்பாட்டில், பயிரிடப்படும் நிலத்தின் ஒரு பகுதியைக் காடாகவும் சதுப்பு நிலமாகவும் திருப்புவதும் அடங்கும்.